மைக்ரோவேவின் மேல்பக்கம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம், மனசளவில் நான் ஒருத்தி மட்டும் சௌக்கியமாக இல்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்கிறீர்களா, குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா. இந்தக் காலத்தில் போனை விட்டுவிட்டு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ உடனே விடும்மா விடும்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் கடைசி வரை படி, பாதியில் போனை எடுத்து யாரையும் கூப்பிடாதே, முக்கியமாக உன் அண்ணனைக் கூப்பிடாதே.

சின்னச் செய்திகளை முதலில் கொட்டிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது, நான் கீழே இறங்கி ரொம்ப நாளாகிறது, முட்டி ஒத்துழைக்கவில்லை. உன் அண்ணன் தொப்பையைக் குறைக்கப் போகிறேன் என்று ஆர்ப்பாட்டம் பண்ணி வாங்கினானே நடக்கிற மெஷின், அதில் இப்போது நாங்கள் துவைத்த துணி காயப் போடுகிறோம், உண்மையிலேயே உபயோகமான சாமான், நன்றாகக் காய்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்கு அளவாக இருக்கிறது, கைதான் கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் நல்ல செய்தி. இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கே பேனா நகர மாட்டேன் என்கிறது பார்.

அன்றைக்கு உன்னிடம் புலம்பினேனே, உன் அண்ணி எனக்குப் பழசைச் சுட வைத்துப் போடுகிறாள், சாதத்தில் வாடை, காயில் வாடை, பாலில்கூட ஏதோ மக்கிப்போன வாடை, வாயில் வைக்க முடியவில்லை, என்னை இந்த வீட்டில் ஒரு மனுஷியாகவே யாரும் மதிக்கவில்லை என்று. கொஞ்சம் அழுதும் காட்டினேன். நீ பொறுப்பாயா, அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டாய். அவள் அப்போது வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் இருந்தாள், யாரோ வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் படுத்திருக்க, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வெளியே ஓடி வந்து உன் போனை எடுத்திருக்கிறாள். உங்க அம்மாவா இருந்தா பழசைப் போடுவீங்களா அண்ணி என்று கேட்டாய். லீவுக்கு வந்தால் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன், ஹோட்டலில் ரூம் எடுத்து அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, அவங்க குரலை வச்சு நானாத்தான் கண்டுபிடிச்சேன் என்று அவளிடம் ஒரு பொய்யும் சொன்னாய். அதை என்னிடமும் சொன்னாய், உன்ன மாட்டிவிடலம்மா, கவலைப்படாதே என்று. அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்தினீர்கள். நீ என்னை வீடியோவில் கூப்பிட்டால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள், நீயும் பின்னால் போகிறவளைப் பார்க்காத மாதிரியே பேசுவாய். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போய்ப் பாத்திரத்தைக் கரியாக்கினேன் அல்லவா, அதிலிருந்து உன் அண்ணன் என்னைப் பகலில் அடுப்புப் பக்கமே விடுவதில்லை. லைட்டரை எனக்கு எட்டாத அலமாரியில் ஏற்றிவிட்டு, சாப்பாடும் டீயும் மைக்ரோவேவில் சுட வச்சுக்கோம்மா, அதுதான் தானா அணையும் என்று பட்டனெல்லாம் காட்டிக்கொடுத்தான். நானும் கற்றுக்கொண்டேன், உன் அம்மா என்ன லேசுப்பட்டவளா. ஆனால் முட்டிக்குத் தைலத்தைச் சூடாகத் தேய்த்தால்தான் எனக்குக் கேட்கும். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தைலத்தை ஊற்றி மைக்ரோவேவில் வைத்துவிடுவேன். எண்ணெய் மட்டும் இதுல வைக்காதீங்க அத்தை, தெறிக்கும் என்று உன் அண்ணி முதலிலேயே சொல்லியிருந்தாள். சொன்னால் கேட்டுவிட்டால் நான் மாமியாரா. திருட்டுத்தனம் தெரியக் கூடாது என்று கிண்ணத்தைத் தினமும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன், மறுநாள் அதே ஈரக் கிண்ணத்தில் ஊற்றுவேன், அது உள்ளே படபடவென்று வெடிக்கும். வெடித்தால் என்ன, கீழே இருக்கிற கண்ணாடித் தட்டைத் துடைத்துவிட்டால் போயிற்று என்று துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். மேலே பார்க்கவே இல்லை. அதற்குக் குனிந்து தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், குனிய முடிந்தால் எனக்குத் தைலம் எதற்கு.

போன வாரம் உன் அண்ணிக்கு வேலையில் ஏதோ பயிற்சி என்று வெளியூர் அனுப்பினார்கள். அதே சமயம் தைலமும் தீர்ந்துபோனது, வாங்கி வா என்றால் உன் அண்ணன் மறந்துவிட்டேன் மறந்துவிட்டேன் என்று தினமும் வெறுங்கையோடு வந்தான். அவள் ஊரில் இல்லாத நேரத்தில் மைக்ரோவேவை நானே பளபளவென்று தேய்த்து வைத்தால், வந்து பார்த்து முகம் சுருங்குவாள் என்று எனக்கு ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் செய்வதை நாற்காலியில் இருந்தே பார்த்திருக்கிறேன், அதே மாதிரி ஆரம்பித்தேன். ஒரு பெரிய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டு, தண்ணீர் திடீரென்று பொங்கித் தெறிக்காமல் இருக்க ஒரு மரக்கரண்டியையும் உள்ளே வைத்து, கண்ணாடிக் கதவெல்லாம் ஆவி படிகிற வரை ஓட விட்டேன். நின்றதும் உடனே திறக்கக் கூடாது, கொஞ்ச நேரம் அப்படியே மூடி வைத்தால்தான் ஒட்டிக்கொண்டிருப்பது ஊறி இளகும், இதை நீயும் தெரிந்து வைத்துக்கொள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். உள்ளே ஒரு பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, கம்பெனிக்காரன் உரிக்க மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நான் நகத்தால் நெம்பப் போனேன், உன் அண்ணன் ஹாலில் இருந்து அம்மா அது மெஷினோட பாகம்மா என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான். நல்ல வேளை. இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அவன் போனதும் கிண்ணத்தை எடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். புறங்கையில் சொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சளாக, பிசுபிசுவென்று. இன்னொன்று விழுந்தது. துணியால் மேலே தொட்டு இழுத்தால் துணி முழுக்க மஞ்சள். தைலம் தீர்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்ததால் என் மூக்கு எனக்குத் திரும்ப வந்திருந்தது போலிருக்கிறது, தினமும் அதிலேயே ஊறிக் கிடந்தவளுக்கு அது தைல வாடை என்று எங்கே தெரியும். முகர்ந்து பார்த்தேன். என் முட்டியின் வாசனை, சிட்டு. காய்ந்து கருகிக் கூரையில் படிந்துபோன என் தைலம். நான் வைத்த சாதத்தில், காயில், பாலில் எல்லாம் ஆவி பட்டு இறங்கியது அதுதான். பழையது அவள் போட்ட சாப்பாடு இல்லை. அந்த வாடையைக் கிளப்பிவிட்டு, அதையே குற்றமாகத் தூக்கி உன் காதில் போட்டவள் நான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், உட்காரக்கூடத் தோன்றவில்லை.

முதலில் எனக்கு என்ன புத்தி வந்தது தெரியுமா, யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம் என்றுதான். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நன்றாகத் தேய்க்க சோடா மாவும் பழைய பிரஷ்ஷும் தேடிப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருக்கிற கதவைத் திறந்தேன். உள்ளே மூலையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் மேலே இரண்டு பல் துலக்கும் பிரஷ், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டு மேல்பல்லைப் பார்ப்பார்களே காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அது ஒன்று, அடியில் துவைத்து மடித்த துணிகள். துவைத்தும் போகாத மஞ்சள். எல்லாத் துணியிலும் அதே வாசனை. ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியில் இருந்து பார்ப்பதெல்லாம் அவள் மீதி வேலை, அதற்கு முன்னாலேயே நான் எழுந்திருக்காத நேரத்தில் அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துப் பார்த்து அவள் என் தைலத்தைச் சுரண்டியிருக்கிறாள். நான் மறுநாளே திரும்பத் தெறிக்க விட்டிருக்கிறேன். ஆக அவளுக்குத் தெரியும். நீ போனில் அவளை அத்தனை பேச்சுப் பேசியபோதும் தெரியும். சாப்பாடு ஏன் வாடை அடிக்கிறது என்று ஒரே வரியில் சொல்லி உன் வாயை மூடியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் ஊரிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும் அந்த டப்பாவை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்டுபிடிச்சுட்டீங்களா என்றாள். ஏம்மா சொல்லலை என்று கேட்டேன். உங்க பிள்ளைகிட்ட சொல்லியிருந்தா மறுநாளே மைக்ரோவேவையும் உங்களைத் தொட விட்டிருக்க மாட்டார் அத்தை, பகல் பூரா ஒரு டீகூடச் சுட வச்சுக் குடிக்க முடியாம உக்காந்திருப்பீங்க என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் தெய்வமில்லை, அவளுக்கும் வாய் இருக்கிறது. அதுக்காக எனக்கு வலிக்கலைன்னு நினைக்காதீங்க, காலைல நாலு அடுப்பையும் பத்த வச்சு வேகவேகமா சமைச்சு வச்சுட்டு ஓடுறேன், பழசு போடுறவன்னு பேர் வாங்கினேன், உங்க பொண்ணு ஏழு கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு, நீங்க ஒண்ணும் சொல்லாமலே குரலை வச்சுக் கண்டுபிடிச்சாளாம், பெரிய டாக்டர், இனிமே அவ முகத்துல நான் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கவனித்தாயா சிட்டு. என் மேல் அவளுக்கு வருத்தம்தான், கோபம் முழுக்க உன் மேல். ஏனென்றால் நீ சொன்ன பொய்யை அவள் நம்புகிறாள். என்னைக் காப்பாற்ற நீ ஒரு பொய் சொன்னாய், என்னைக் காப்பாற்ற அவள் ஓர் உண்மையை விழுங்கினாள், நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க மாட்டேன் என்று நிற்கிறீர்கள், நான் இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்று, நான்தாம்மா சொன்னேன், அவளா ஒண்ணும் கண்டுபிடிக்கல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நகர்ந்து வந்துவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று நிறுத்திவிட்டேன். உனக்கு எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று பார்த்தால் கூடத்தான் செய்தது. உனக்குச் சொல்வது சுலபம், நீ என் வயிற்றில் பிறந்தவள், நாலு நாள் முறைத்துவிட்டுத் திரும்ப அம்மா என்பாய். அவளுக்குச் சொல்வதுதான் கஷ்டம். இன்றைக்குக் காலையில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது முதலில் உன் அண்ணனிடம் தைலக் கதையைச் சொன்னேன். அவன் எதிர்பார்த்த மாதிரியே குதித்தான். தீப்பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், இனிமே நீ மைக்ரோவேவ் பக்கம் போகவே கூடாது, பகலுக்கு பிளாஸ்க்கில் டீ போட்டு வச்சுட்டுப் போறோம் என்று. உன் அண்ணி டம்ளரை வைத்துவிட்டு, அதைத் துடைக்கிறவ நான், யார் தொடலாம் யார் தொடக் கூடாதுன்னு நான் சொல்றேன், அத்தை டீயும் சாப்பாடும் வச்சுப்பாங்க, தைலம் வைக்க மாட்டாங்க என்றாள். எனக்காகப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பாமலே எழுந்தாள் பார், அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உக்காரும்மா, இன்னொன்னு இருக்கு என்றேன். நான்தான் சிட்டுகிட்ட சொன்னேன், நீ பழசு போடுறேன்னு நான்தான் சொன்னேன், அழுதுகூடக் காட்டினேன், என்னை மாட்டிவிடக் கூடாதுன்னு அவ பழியைத் தன் தலைல போட்டுக்கிட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தேன்.

உன் அண்ணன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போ அவ உங்களுக்காகத்தான் பொய் சொன்னாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இவ்வளவு நாளும் நான் தட்டைத் தூக்கிட்டு உள்ள போறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே அத்தை என்றாள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, வேறு என்ன சொல்வேன். எழுந்து போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள், ஏதோ தட்டினாள். அவ நம்பரை பிளாக் பண்ணி வச்சிருந்தேன், எடுத்துட்டேன், லெட்டர்ல எழுதுங்க என்றாள். நான் உனக்குக் கடிதம் எழுதுவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் நான் ஒன்றும் செய்வதில்லை என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

உனக்குத்தான் திறந்துவிட்டாள், எனக்கு இன்னும் இல்லை. காலையிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு, சாப்பிடுங்க, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். எனக்கு இது வேண்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பின பிறகு என் நாற்காலிக்கு வந்தால், பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் வெந்நீர், அதற்குள் ஒரு புதுத் தைலப் பாட்டில் கழுத்து வரை நின்றுகொண்டிருந்தது. ஊரிலிருந்து வரும்போதே வாங்கி வந்திருக்கிறாள், உன் அண்ணனுக்குத்தான் ஞாபகம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், தேய்க்கிற சூட்டில் இருந்தது. இப்படியும் சூடு பண்ணலாம் என்று எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. தேய்த்துக்கொண்டே ரொம்ப நேரம் அழுதேன், முட்டி மட்டும் சுகமாக இருந்தது.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான் கண்ணு. அவளைக் கூப்பிடு. என் போனில் கூப்பிட்டு அண்ணியிடம் கொடு என்று சொல்லாதே, அவள் நம்பருக்கே கூப்பிடு, கிளினிக் நேரத்தில் வேண்டாம், வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்த பிறகு. எடுத்ததும் அம்மா பண்ணின வேலை என்று என் மேல் போட்டுவிடு, இந்தத் தடவை தாராளமாக மாட்டிவிடு. பிறகு நீ பேசியதற்கு நீ மன்னிப்புக் கேள், அதை உனக்காக நான் கேட்க முடியாது. லீவுக்கு ஹோட்டல் கீட்டல் என்று பேசாதே, உன் அறையில் இருக்கிற அண்ணனின் மெஷினை நகர்த்தி, துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளாமல் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் வீட்டு மைக்ரோவேவையும் ஒரு நாள் குனிந்து மேலே பார், உனக்கு இன்னும் குனிய முடியும்.

உன் அண்ணி வருகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

பின்குறிப்பாக ஒன்று. கடிதத்தை மடிக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். நான் அழுதேன் என்ற இடத்தில் நிறுத்தி, தைலம் கண்ணுல பட்டிருக்கும், கைய சோப்புப் போட்டுக் கழுவினீங்களா இல்லையா என்று கேட்டாள். கழுவப் போகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா